நீலக் குழந்தைகளைச் சிவக்க வைத்த தச்சர்

எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வாரம். பால் குடிக்கும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குவாள். நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். வீடியோ காலில் பார்த்த அம்மா, குழந்தை கொஞ்சம் கறுத்துப் போயிருக்கே, கடலைமாவு போட்டுக் குளிப்பாட்டுங்க என்றார். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. அப்பா நிறம் வருது போல என்று மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். குழந்தைகள் மருத்துவர் கன்னத்தைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். எங்கள் சிரிப்பு அதோடு நின்றது.

நம் தோலில் நீலம் நீலமாகத் தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளைக்காரக் குழந்தையின் உதடும் கன்னமும் ஊதாவாக மாறும், பார்த்ததும் தெரிந்துவிடும். மாநிறக் குழந்தைக்கும் கறுப்புக் குழந்தைக்கும் நாக்கு, ஈறு, நகக்கண் என்று தேடிப் பார்க்க வேண்டும். பெற்ற எங்களுக்கே இது தெரியவில்லை. கறுத்துப் போச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம்.

அவளுக்கு இருந்தது டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயநோய். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஒரு ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் ஒரு குறுகல், இன்னும் இரண்டு கோளாறுகள். நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பகுதி போகாமல், ஆக்சிஜன் ஏறாமலேயே உடம்புக்குத் திரும்பிவிடும். இப்போதெல்லாம் பிறந்த சில மாதங்களிலேயே முழு அறுவைசிகிச்சை செய்துவிடுகிறார்கள். எங்கள் மகளின் நுரையீரல் குழாய்கள் ரொம்பச் சிறியவை. அவை வளரும்வரை ஒரு மாற்றுப்பாதை போட்டு வைக்கலாம் என்றார் சர்ஜன். ஒரு தாளில் இதயத்தை வரைந்தார். கைக்குப் போகும் ரத்தக் குழாயிலிருந்து நுரையீரல் குழாய்க்கு ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் என்று எழுதினார். வைக்கப்போகும் செயற்கைக் குழாயின் விட்டம் அது. கீழே மூன்று ஆங்கில எழுத்துகள்: பி.டி.டி.

அன்று ராத்திரி போனில் தேடினேன். பழைய பக்கங்களிலெல்லாம் பி.டி. ஷன்ட் என்றுதான் இருந்தது. பி என்றால் பிளாலாக், டி என்றால் டாசிக். நடுவில் ஒரு டி கூடுதலாக இருக்கிறதே, அவசரத்தில் எழுதிய பிழையோ என்று நினைத்தேன். நாள் முழுக்க கோடில் டைப்போ தேடிப் பழகிய கண் அப்படித்தான் யோசிக்கும். இரவு ஷிஃப்டில் இருந்த கறுப்பின நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். அது பிழையில்லை, பல வருஷம் விட்டுப்போன பெயர் என்றார். அந்த ஆள் டாக்டரே இல்லை, தச்சர் மகன் என்றும் சொன்னார். ஐ.சி.யூ. நாற்காலியில் உட்கார்ந்தபடி, அடுத்த சில ராத்திரிகளில் நான் படித்துத் தெரிந்துகொண்ட மனிதரின் கதை இது. பெயர் விவியன் தாமஸ்.

நாஷ்வில் தச்சர் வீட்டுப் பையன்

1910 ஆகஸ்டில் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். பெண் குழந்தை பிறக்கும் என்று பெற்றோர் தேர்ந்து வைத்திருந்த பெயரையே பையனுக்கும் வைத்துவிட்டார்கள். பிறகு குடும்பம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்கு வந்தது. அப்பா நல்ல தச்சர். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அப்பாவோடு வேலைக்குப் போவார்கள். அளவெடுப்பது, அறுப்பது, இழைப்பது, இரண்டு துண்டுகளை இடுக்குத் தெரியாமல் பொருத்துவது எல்லாம் விவியனுக்குச் சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது. ஒரு அளவு தப்பினால் பலகை வீண் என்பது தச்சுவேலை சொல்லித்தரும் முதல் பாடம். அந்தப் பாடம் பிறகு வேறோர் இடத்தில் பயன்பட்டது.

அவருக்கு ஆசை டாக்டராவது. பள்ளி முடித்து, கல்லூரிக்கும் மருத்துவப் படிப்புக்கும் காசு சேர்த்தார். 1929-ல் பங்குச்சந்தை சரிந்தது. கட்டட வேலைகள் நின்றன. வேலை போன பையனுக்கு நண்பர் ஒருவர் மூலமாக 1930 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் கிடைத்தது. ஆல்ஃப்ரெட் பிளாலாக் என்ற இளம் சர்ஜனுக்கு உதவியாளர் வேலை. வாரம் 12 டாலர். நிலைமை சரியானதும் கல்லூரிக்குப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். அதே வருஷம் நாஷ்வில் வங்கிகள் மூடப்பட்டன. சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போயிற்று. ஆன்சைட்டுக்கு ரெண்டு வருஷம் என்று கிளம்பி வந்து இருபது வருஷம் ஆனவர்களை நமக்குத் தெரியும். தாமஸின் தற்காலிக வேலையும் அப்படித்தான். அது கடைசிவரை நீடித்தது.

வேலை ஆராய்ச்சி, பதிவேட்டில் துப்புரவு

பிளாலாக் அப்போது ஷாக் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். விபத்தில் நசுங்கியவர்கள் ஏன் திடீரென்று இறக்கிறார்கள்? ரத்தத்தில் ஏதோ விஷம் கலக்கிறது என்று பலர் நம்பிய காலம். விஷமல்ல, ரத்தமும் திரவமும் குழாய்களை விட்டு வெளியேறிவிடுவதுதான் காரணம் என்று இந்த ஆய்வுக்கூடம் காட்டியது. அப்படியென்றால் ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினால் ஆள் பிழைப்பான். இரண்டாம் உலகப் போரில் ஏராளமான சிப்பாய்களைக் காப்பாற்றிய அறிவு இது. நாய்கள் மேல் செய்யப்பட்ட அந்தச் சோதனைகளில் பெரும்பகுதியைத் தன் கையால் செய்தவர் தாமஸ். வேதியியலும் உடலியலும் புத்தகம் வைத்துத் தானே படித்தார். சில வருஷங்களில், பிளாலாக் கேள்வியைச் சொன்னால் சோதனையை வடிவமைத்து, நடத்தி, கணக்கிட்டுக் கொடுப்பவர் ஆகிவிட்டார்.

ஆனால் சம்பளப் பதிவேட்டில் அவர் துப்புரவுத் தொழிலாளர். அதே மாதிரி வேலை செய்த இன்னொரு கறுப்பினத்தவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கே இது தெரிந்தது. ஒரே வேலையைச் செய்த வெள்ளையர்களுக்கு டெக்னீஷியன் பதவி, அதற்கேற்ற சம்பளம். தாமஸ் சத்தம் போடவில்லை, விடவும் இல்லை. நேராகப் போய்க் கேட்டார். சம்பளம் ஏறியது. அவருடைய சகோதரர் ஹரால்ட் பள்ளி ஆசிரியர். கறுப்பின ஆசிரியர்களுக்கும் வெள்ளை ஆசிரியர்களுக்கும் ஒரே சம்பளம் வேண்டும் என்று நாஷ்வில் கல்வி வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு 1942-ல் ஜெயித்தவர். தச்சர் வீட்டில் பிள்ளைகளை எப்படி வளர்த்திருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரியும்.

ஆரம்ப நாட்களில் ஒருமுறை ஏதோ தவறு நடந்தது. பிளாலாக் கோபத்தில் கெட்ட வார்த்தைகளில் கத்தினார். தாமஸ் உடை மாற்றிக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனார். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யத் தன்னை வளர்க்கவில்லை, கணக்கை முடித்துவிடுங்கள், போகிறேன் என்று சொல்லிவிட்டார். பிளாலாக் மன்னிப்புக் கேட்டார். இனி அப்படிப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அமெரிக்காவின் தெற்கில், 1930-ல், பத்தொன்பது வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் வெள்ளை டாக்டரிடம் இப்படி நின்றான் என்பதை நினைத்துப் பாருங்கள். மேனேஜர் மீட்டிங்கில் மட்டம் தட்டினால் மியூட்டைப் போட்டுவிட்டு முணுமுணுக்கிற கூட்டம் நாம். வீசா பயம் நமக்கு. அவருக்கு உயிர் பயம் இருந்திருக்க வேண்டும்.

பால்டிமோர்

1941-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை பிளாலாக்கை அறுவைசிகிச்சைத் துறைத் தலைவராக அழைத்தது. தாமஸும் வந்தால்தான் வருவேன் என்றார் அவர். மனைவி கிளாரா, இரண்டு பெண் குழந்தைகளோடு தாமஸ் வந்து இறங்கினார். வீடு கிடைப்பதே பெரும்பாடு. எந்தத் தெருவில் எந்த நிறத்தவர் குடியிருக்கலாம் என்று 1910-ல், தாமஸ் பிறந்த அதே வருஷம், சட்டம் போட்ட ஊர் அது. 1917-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்றது. தெருக்கள் அதன் பிறகும் பிரிந்தேதான் இருந்தன.

மருத்துவமனைக்குள்ளும் அதே கதை. கறுப்பின நோயாளிகளுக்குத் தனி வார்டு, தனிக் கழிப்பறை. வெள்ளைக் கோட்டுப் போட்ட கறுப்பர் ஒருவர் தாழ்வாரத்தில் நடந்தால் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அதனால் ஆய்வுக்கூடத்திலிருந்து பிளாலாக்கின் அறைக்குப் போகும்போது தாமஸ் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரண உடையில் போவார்.

1943-ல் ஹெலன் டாசிக் என்ற குழந்தைகள் இதய மருத்துவர் ஒரு பிரச்சனையோடு வந்தார். பெண் என்பதால் தானும் பல கதவுகளைத் தட்டியே வந்தவர். காது சரியாகக் கேட்காததால் குழந்தையின் இதயத் துடிப்பை விரல் நுனியால் உணர்ந்து படிக்கக் கற்றவர். அவர் கண்முன்னே நீலக் குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருந்தன. எங்கள் மகளுக்கு இருந்த அதே நோய். நுரையீரலுக்கு அதிக ரத்தம் போக ஒரு வழி செய்ய முடியுமா, வீட்டில் குழாய் வேலைக்காரர் குழாயை மாற்றிப் போடுகிற மாதிரி, என்பது அவருடைய கேள்வி.

பதில் ஏற்கனவே ஒரு தோல்விக்குள் கிடந்தது. நாஷ்வில்லில் இருந்தபோது நுரையீரலில் ரத்த அழுத்தத்தை ஏற்றிப் பார்க்க, கைக்குப் போகும் குழாயை நுரையீரல் குழாயோடு இணைத்துப் பார்த்திருந்தார்கள். எதிர்பார்த்த அழுத்தம் ஏறவில்லை. சோதனை தோல்வி. ஆனால் இணைப்பு மட்டும் நன்றாக நின்றது. மூடிய ப்ராஜெக்டின் பழைய கோடு இன்னொரு ப்ராஜெக்டுக்கு உயிர் கொடுப்பதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். இங்கே நிஜமாகவே உயிர் கொடுத்தது.

அதை நிரூபிக்கும் பொறுப்பு தாமஸிடம் வந்தது. முதலில் ஆரோக்கியமான நாய்க்கு நீலக் குழந்தையின் நிலையை உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறக்குறைய இருநூறு நாய்கள், இரண்டு வருஷத்துக்கு நெருக்கமான உழைப்பு. அவற்றில் நீண்ட காலம் பிழைத்த அன்னா என்ற நாயின் படம் ஹாப்கின்ஸ் சுவரில் மாட்டப்பட்டது. குழந்தையின் குழாய்க்கு ஏற்ற ஊசி அன்று கடையில் கிடையாது. தாமஸ் இருக்கிற ஊசிகளை வெட்டிச் சிறிதாக்கி, முனையைத் தீட்டி, தானே செய்துகொண்டார். தச்சுப் பட்டறையில் பழகிய கை அது.

பின்னால் ஒரு ஸ்டூல்

1944 நவம்பர் 29. ஐலீன் சாக்ஸன் என்ற பதினைந்து மாதக் குழந்தை. எடை நான்கு கிலோ சொச்சம். எங்கள் மகள் ஆறு வாரத்தில் இருந்த எடை. பிளாலாக் இந்த இணைப்பை நாயில்கூடத் தனியாகச் செய்ததில்லை, ஒரே ஒருமுறை தாமஸுக்கு உதவியாக நின்றிருக்கிறார். தாமஸோ எத்தனையோ முறை செய்து முடித்தவர். ஆனால் மனிதரைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. எனவே பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அதில் ஏறி நின்றார் தாமஸ். எந்தப் பக்கமிருந்து ஊசியை ஏற்றுவது, தையலுக்குத் தையல் எவ்வளவு இடைவெளி என்று பின்னாலிருந்து வழிசொன்னார். கத்தி ஒருவர் கையில், அனுபவம் இன்னொருவர் வாயில்.

குழந்தை பிழைத்தது. சில மாதங்களில் நோய் திரும்பி வந்து, இரண்டாவது பிறந்தநாளைப் பார்க்காமலேயே போய்விட்டது. ஆனாலும் வழி சரியென்று தெரிந்துவிட்டது. மூன்றாவதாக வந்த ஆறு வயதுப் பையனின் உதடு அறுவை மேசையிலேயே நீலம் மாறிச் சிவந்தது. ஒரே வருஷத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள். உலகம் முழுவதிலிருந்தும் பெற்றோர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இதயத்தின் பக்கமே போகக்கூடாது என்று சர்ஜன்கள் பயந்த காலத்தை முடித்து வைத்தவற்றில் ஒன்று இந்த அறுவை.

1945 மேயில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. பிளாலாக், டாசிக் என்று இரண்டு பெயர். தாமஸ் பெயர் இல்லை. பி.டி. ஷன்ட் என்ற பெயர் அப்படித்தான் நிலைத்தது. பத்திரிகைகள் எழுதின, பரிசுகள் வந்தன. கட்டுமானம் செய்தவர் ஆய்வுக்கூடத்தில் அடுத்த நாள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் போதாமல், பிளாலாக் வீட்டு விருந்துகளில் மது பரிமாறும் வேலையும் செய்தார். பகலில் தாமஸிடம் தையல் போடக் கற்ற இளம் டாக்டர்கள் சாயங்காலம் அவர் கையால் கிளாஸ் வாங்கிக் குடித்தார்கள்.

பிளாலாக்கை வில்லனாக்க நான் விரும்பவில்லை. தாமஸ் இல்லாமல் முடியாது என்று அவருக்குத் தெரியும், மருத்துவமனையிடம் பேசி 1946-க்குள் அங்கிருந்த உதவியாளர்களிலேயே அதிகச் சம்பளம் தாமஸுக்குக் கிடைக்கச் செய்ததும் அவர்தான். ஆனால் பெயர் என்று வந்தபோது அவர் வாய் திறக்கவில்லை. நல்லவர்களும் வாய் திறக்காமல் இருந்துவிடுவதால்தான் இப்படிப்பட்ட ஏற்பாடுகள் இவ்வளவு காலம் ஓடுகின்றன.

டாக்டராகும் ஆசையைத் தாமஸ் விடவில்லை. பால்டிமோரின் மார்கன் ஸ்டேட் கல்லூரியில் தன் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்டுப் பார்த்தார். முதலாம் ஆண்டுப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். மருத்துவம் முடிக்கும்போது ஐம்பது வயதாகிவிடும் என்று கணக்குப் போட்டு விட்டுவிட்டார். அவர் வேலை செய்த ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து முதல் கறுப்பின மாணவர்கள் பட்டம் பெற்றது 1967-ல்தான்.

பெயர் வந்த பாதை

பட்டம் இல்லாதவர் பட்டம் பெற்றவர்களுக்குப் பாடம் எடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்க இதய அறுவைசிகிச்சையின் பெரும் பெயர்களான டென்டன் கூலி போன்றவர்கள் அவரிடம் பழகியவர்கள். கறுப்பின டெக்னீஷியன்கள் பலரை அவர் உருவாக்கினார். 1970-களில் லீவை வாட்கின்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஹாப்கின்ஸில் சர்ஜனாகப் பயிற்சிக்கு வந்தபோது, தாமஸ் அவருக்கு ஒரு தகப்பன் போல நின்றார். அந்த வாட்கின்ஸ்தான் 1980-ல், தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தைத் தானாகவே அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை உலகிலேயே முதன்முதலாக ஒரு மனித உடம்பில் பொருத்தியவர். தாமஸால் நுழைய முடியாத கதவை உள்ளேயிருந்து பிடித்துத் திறந்து வைத்து, கறுப்பின மாணவர்களை அந்தக் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

1971-ல் பழைய மாணவர்கள் சேர்ந்து தாமஸின் உருவப்படத்தை வரையச் செய்து கொடுத்தார்கள். 1976-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில். அதே சமயத்தில் ஆசிரியர் பதவியும் வந்தது. ஹாப்கின்ஸில் கால் வைத்து 35 வருஷம் கழித்து. 1979-ல் ஓய்வு பெற்றார். 1985 நவம்பர் 26-ல் புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதிய சுயசரிதை அச்சாகி வந்தது அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு. 2004-ல் அவர் கதை தொலைக்காட்சிப் படமாகவும் வந்தது. இப்போது மெல்ல மெல்ல டாக்டர்கள் நடுவில் அந்த டி-யைச் சேர்த்து எழுதுகிறார்கள். எங்கள் சர்ஜன் தாளில் எழுதியது அதைத்தான்.

கத்தி எட்டாத இடம்

பெயர் சேர்ந்துவிட்டது, கதை சுபம் என்று முடித்துவிடலாம். ஆனால் தாமஸின் சொந்த மக்களின் இதயங்கள் இன்று எப்படி இருக்கின்றன? அமெரிக்காவில் வயதுவந்த கறுப்பினத்தவரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம். வெள்ளையரைவிட அவர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் அதிகம் என்று அரசின் சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மருந்து கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. விலையும் குறைவு. இருந்தும் இந்த நிலை என்றால், குறை மருந்தில் இல்லை. காப்பீடு இல்லாத வேலை, காய்கறிக் கடையே இல்லாத தெரு, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த மன அழுத்தம், வலி என்று சொன்னால் நம்பாத டாக்டர், அதனால் டாக்டரை நம்பாத நோயாளி எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

கருவிக்கே நிறம் தெரியும் என்பது இன்ஜினியரான எனக்கு உறைத்த விஷயம். விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டர், சிவப்பும் அகச்சிவப்புமாக இரண்டு ஒளியைத் தோல் வழியாக அனுப்பி ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியைத் தடுக்கும். 2020-ல் மிச்சிகனிலிருந்து வந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், உண்மையில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஐ.சி.யூ.வில் என் மகளின் கால் விரலில் மினுங்கிய எண்ணையே சாமி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த நர்ஸ் அம்மா அதை மட்டும் நம்பவில்லை. ரத்தம் எடுத்துச் சோதித்தார், நாக்கையும் பார்த்தார்.

சரிசெய்யவும் முடியும். 2018-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் சலூன் ஞாபகம் வந்தது. தினத்தந்தி, அரசியல், அரட்டை, வெட்ட வராதவர்களும் வந்து உட்காரும் பெஞ்சு. கறுப்பினத்தவருக்கும் முடிவெட்டும் கடை அப்படியோர் இடம்தான். லாஸ் ஏஞ்சலஸில் 52 கடைகளில், ரத்தக் கொதிப்பு உள்ள 319 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். சில கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, அழுத்தம் பார்த்து, மருந்தும் எழுதிக் கொடுத்தார். மற்றக் கடைகளில் டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று முடிதிருத்துபவர் சொன்னதோடு சரி. ஆறு மாதத்தில் முதல் குழுவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. இரண்டாவதில் 9 புள்ளி. அதே ஊர், அதே மாத்திரைகள். நம்பிக்கையான இடத்துக்கு மருத்துவம் நடந்து போனது, அவ்வளவுதான் வித்தியாசம். தாமஸ் ஊசியைக் குழந்தையின் அளவுக்கு வெட்டிக்கொண்டார். இவர்கள் ஆஸ்பத்திரியைச் சலூன் அளவுக்கு வெட்டிக்கொண்டார்கள்.

நம் பங்கு

இதையெல்லாம் தமிழர்களுக்கு ஏன் சொல்கிறேன்? இரண்டு காரணம்.

ஒன்று, நம் இதயமும் பத்திரமாக இல்லை. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சீக்கிரமே, குறைந்த வயதிலேயே வருகிறது என்று டாக்டர்கள் பலகாலமாகச் சொல்கிறார்கள். நாற்பதில் போய்விட்ட யாரையாவது நாம் எல்லோருமே அறிவோம். நம் நிறத்துக்கும் கருவிகள் தடுமாறலாம். குழந்தை கறுத்தால் கடலைமாவு எடுக்காமல் நாக்கைப் பாருங்கள். உங்கள் பெற்றோர் இங்கே வந்து இறங்கினால் முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பு. நான் இந்த ஊர்ப்பக்கம் வேலைக்கு வந்தபோது, முன்னால் வந்த நம்மவர்கள் எனக்குச் சொன்ன முதல் அறிவுரை எந்தப் பக்கம் வீடு பார்க்கக் கூடாது என்பதுதான். காரணம் கேட்கவே தேவையில்லை, குரலிலேயே இருந்தது. நானும் தலையாட்டினேன், அடுத்து வந்த இரண்டு பேருக்கு அதையே சொல்லவும் செய்தேன். நம்மைப் போன்றவர்களுக்கு அமெரிக்கக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்தது. அவர்கள் அடிபட்டுத் திறந்த வாசல் வழியாக வந்து, அவர்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறோம். ஊரில் தெருவைப் பிரித்த பழக்கத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம்.

எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கிற ஹால் ஒரு கறுப்பின சர்ச்சுக்குச் சொந்தமானது. சாவி வாங்குவோம், பெருக்கிவிட்டுச் சாவி கொடுப்போம். பல வருஷமாக அவ்வளவுதான் உறவு. மகளின் சிகிச்சைக்குப் பிறகு ஒருநாள் நின்று பேசினேன். மாதம் ஒரு ஞாயிறு அங்கே ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், ஓய்வுபெற்ற நர்ஸ்கள் இரண்டு பேர் நடத்துகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. போன பொங்கலுக்கு அவர்களையே அழைத்தோம். சர்க்கரைப் பொங்கல் பந்திக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். முதலில் கூச்சப்பட்ட நம்மவர்கள் பிறகு வரிசையில் நின்றார்கள். எனக்கு வந்த எண் 148-க்கு 96. எனக்கு வயது முப்பத்தாறு. அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில், மறுநாளே டாக்டரிடம் போனேன். இப்போது அந்த ஞாயிறுகளில் பெயர் பதிவுசெய்யும் வேலையை எங்கள் சங்கத்திலிருந்து இரண்டு பேர் செய்கிறோம்.

மகளுக்கு ஒரு வயதில் முழு அறுவைசிகிச்சை முடிந்தது. அந்த 3.5 மில்லிமீட்டர் குழாய் தன் வேலையை முடித்துவிட்டது. இப்போது ஐந்து வயது, சொல்வதைக் கேட்பதில்லை, ஓட்டம்தான். நெஞ்சுத் தழும்பைக் காட்டி இது யார் போட்டது என்று அடிக்கடி கேட்பாள். மூன்று பெயரையும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நடுப்பெயரை விட்டுவிட்டால் திருத்துகிறேன்.